நாலு வருட க்ரீப்பர் ஃபார்ம்: சண்டை முழுக்க குகைகளோடுதான்

போன வாரம் என்னோடு மைன்கிராஃப்ட் ஆடும் நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், உன் க்ரீப்பர் ஃபார்மைப் பார்த்து அப்படியே கட்டிட்டேன். ஒரு மணி நேரம் நின்னாலும் கன்பவுடர் ஒரு ஸ்டாக் கூட தேறல. எங்க தப்பு?" க்ரீப்பர் என்பது ஆட்டத்தில் வரும் பகை உயிரினம்; செத்தால் கன்பவுடர், அதாவது வெடிமருந்து, தரும். அதைத் தானாக வரவழைத்துக் கொல்லும் கட்டடம்தான் ஃபார்ம். ஒரு ஸ்டாக் என்றால் 64. கூடவே ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தான். பார்த்தேன். ட்ராப்டோர் (கிடைமட்டக் கதவு) சரி, பூனைகள் சரி, விழும் உயரம் சரி. ஃபார்மில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அவன் காலுக்குக் கீழே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ மாலைகள் போயின. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னுடையது மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, சர்வைவல் உலகம். ஃபார்ம் கட்டியது 2020 டிசம்பரில், 1.16 ஓடிக்கொண்டிருந்த சமயம். இன்னொரு பதிப்பான பெட்ராக்கில் மாப் (உயிரினம்) ஸ்பான் ஆகும், அதாவது தோன்றும், கணக்கே வேறு. அங்கே ஆடுபவர்கள் கீழே வரும் எண்களை நம்பி எதையும் கட்ட வேண்டாம்.

அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். இருட்டான அடுக்குகள், ஒய் (உயரத்தைக் குறிக்கும் எண்) 64 முதல் 80 வரை. கூரையில் ட்ராப்டோர் ஒட்டியிருப்பதால் உயரம் குறைந்து, ஜாம்பியும் எலும்புக்கூடும் ஸ்பான் ஆக இடமில்லை. குள்ளமான க்ரீப்பருக்கு மட்டும் போதும். தரையில் இடைவெளி விட்டு கார்ப்பெட் விரித்திருப்பதால் அகலமான சிலந்தியும் வராது. பூனையைப் பார்த்தால் க்ரீப்பர் பயந்து ஓடும். ஓடுகிற வழியில் திறந்திருக்கும் ட்ராப்டோரைத் தரை என்று நம்பிக் கால் வைக்கும். 24 பிளாக் கீழே, ஒய் 40-ல் போய் விழும். விழும் தூரத்தில் மூன்றைக் கழித்தால் அடி எவ்வளவு என்று தெரியும்: 21. க்ரீப்பரின் உயிர் 20. அங்கேயே முடிந்தது. கீழே விழும் பொருளை ஹாப்பர் (உறிஞ்சும் புனல்) அள்ளிக்கொண்டு போய் செஸ்டில் (பெட்டியில்) போடும்.

இந்தப் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நாலு வருடத்தில் ஒரு முறை கூட அடைத்துக்கொண்டதில்லை. ரெட்ஸ்டோன் (ஆட்டத்தின் மின்சுற்று) கிடையாது, ஓடும் பாகம் எதுவும் கிடையாது, அப்டேட் வந்து உடைவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. அந்தப் பூனைகளை கிராமத்தில் மீன் கொடுத்துப் பழக்கி, ஒவ்வொன்றாக மேலே ஏற்றி உட்கார வைத்தேன். உட்கார வைத்த இடத்திலேயே இன்றும் உட்கார்ந்திருக்கின்றன. எப்போதாவது மேலே போனால் ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

ஒரு கன்பவுடரும் ஒரு காகிதமும் சேர்ந்தால் மூன்று ராக்கெட். ராக்கெட்டால் உந்திப் பறக்கும் சிறகான எலிட்ரா கிடைத்த பிறகு இந்த உலகத்தில் நான் எங்கும் நடந்து போனதாக நினைவில்லை. அவ்வளவு ராக்கெட்டும் இங்கிருந்து வந்ததுதான்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

ஒரு ஆட்டக்காரரைச் சுற்றி ஒரே நேரத்தில் 70 பகை மாப்களுக்குத்தான் ஆட்டம் இடம் தரும். அந்த 70-ல் உங்கள் ஃபார்ம் க்ரீப்பருக்குத் தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை. உங்களிடமிருந்து 24 பிளாக்கிற்கு அப்பால், 128 பிளாக்கிற்கு உள்ளே எங்கே இருட்டு இருந்தாலும் அங்கே ஒன்று ஸ்பான் ஆகலாம். ஃபார்மில் வந்தது சில நொடிகளில் செத்து இடத்தைக் காலி செய்யும். குகையில் வந்தது சாகாது, சும்மா நிற்கும். நிற்கிற ஒவ்வொன்றும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் 70-ம் குகைக்குள் நின்றுகொண்டிருக்கும். ஃபார்முக்குப் புதிதாக எதுவும் வராது. நீங்கள் கட்டியது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி, பக்கத்து மலைக்குள் ஒரு பொந்து இருட்டாக இருந்தால் அது உங்கள் விளைச்சலைத் தின்றுவிடும்.

2021 தொடக்கத்தில் முதல் சுற்று வேலை. நான் நிற்கும் இடம் ஒய் 39, க்ரீப்பர் விழும் அறைக்கு ஒட்டினாற்போல். அங்கிருந்து எல்லாப் பக்கமும் 128 பிளாக் அளந்து, தரையிலும் தரைக்குக் கீழேயும் இருந்த எல்லா குகையிலும் டார்ச் வைத்தேன். அப்போது வெளிச்சம் 8-க்குக் குறைந்தாலே மாப் வரும். டார்ச்சின் வெளிச்சம் 14, ஒவ்வொரு பிளாக்கிற்கும் ஒன்று குறையும். ஆகவே ஆறு பிளாக் தாண்டினால் அந்த டார்ச்சால் பயனில்லை. எத்தனை ஸ்டாக் டார்ச் போனது என்று எண்ணவில்லை. ஒரு டபுள் செஸ்ட் நிலக்கரி காலியானது மட்டும் நினைவிருக்கிறது. வேலை முடிந்த அன்று ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1,400 கன்பவுடர் வந்தது. அந்த ஒரு வருடம் இந்த ஃபார்மைப் பற்றி யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொன்னேன்.

அப்புறம் 2021 நவம்பர் 30 அன்று 1.18 வந்தது. உலகத்தின் அடிமட்டம் ஒய் 0-லிருந்து மைனஸ் 64-க்கு இறங்கியது. பழைய உலகங்களிலும் பெட்ராக் பிளாக் (அடிமட்டத்தின் உடைக்க முடியாத பாறை) இருந்த இடத்துக்குக் கீழே புதிய நிலமும் புதிய குகைகளும் தாமாக உருவாகின. என் ஃபார்முக்கு அடியிலும்தான். நான் ஒரு பிளாக்கைக் கூடத் தொடவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் நின்றபோது வந்தது 300-க்கும் குறைவு.

இதில் எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. ஒரு இடத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு, கடைசி மூலை வரை வெளிச்சம் போட்டு முடித்த பிறகு, அதற்கு அடியில் இன்னொரு 64 பிளாக் இருட்டு வந்து சேர்ந்தால் மனசு விட்டுப்போகிறது. நான் நிற்கும் இடத்திலிருந்து புதிய அடிமட்டம் வெறும் 103 பிளாக். அதாவது முழு ஆழமும் எல்லைக்குள். ஒரு மூலை கூடத் தப்பவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதே அப்டேட்தான் வெளிச்ச விதியையும் மாற்றியது. பகை மாப் வர வெளிச்சம் இப்போது 0 ஆக இருக்க வேண்டும். 1 இருந்தாலே போதும், வராது. முன்பு ஆறு பிளாக் காத்த டார்ச் இப்போது பதின்மூன்று பிளாக் காக்கிறது. பரந்த குகைகளை இதைவிடக் கருணையாகக் கொடுத்திருக்க முடியாது. பழைய விதியிலேயே அந்தக் குகைகள் வந்திருந்தால் அன்றே இந்த உலகத்தை விட்டிருப்பேன்.

இரண்டாம் சுற்று அப்படித் தொடங்கியது. ஆழக் குகைகள் மேலே இருந்தவை போல இல்லை. கூரை கண்ணுக்கே தெரியாத அளவு உயரம். பக்கச் சுவரில் எட்ட முடியாத விளிம்புகள். அந்த விளிம்பு ஒவ்வொன்றிலும் நாலைந்து மாப் நிற்க இடம். மைனஸ் 54-க்குக் கீழே குகை என்றால் லாவாதான். இறங்குவேன், நாற்பது டார்ச் வைப்பேன், மேலே வந்து எஃப்3 அழுத்தி ஆட்டத்தின் தகவல் திரையைத் திறப்பேன். அதில் எஸ்சி என்று தொடங்கும் வரியில் எம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் பகை மாப்களின் எண்ணிக்கை. 70. மறுபடி இறங்குவேன். 70. பல வாரம் கழித்து ஒரு நாள் 58 என்று காட்டியது. அன்று இரவு தூங்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு தேடாதீர்கள். உலகத்தை நகல் எடுத்து, நகலில் சீட்ஸ் (ஏமாற்றுக் கட்டளைகள்) திறந்து, சுவரை ஊடுருவிப் பறக்கவிடும் ஸ்பெக்டேட்டர் மோடில் பாறைக்குள் பறந்து பாருங்கள். எல்லா மாப்களுக்கும் ஒளிரும் எஃபெக்ட் கொடுத்தால் சுவர் தாண்டியும் உருவம் தெரியும். கூட்டம் எங்கே என்று பத்து நிமிடத்தில் புரியும். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு அசல் உலகத்தில் போய் டார்ச் வைக்கலாம். இது தெரிவதற்கு முன்னால் ஒரே சுரங்கத்தில் மூன்று முறை அலைந்திருக்கிறேன்.

எல்லாம் முடித்தும் 1,400 திரும்பி வரவே இல்லை. 750-ல் நின்றுவிட்டது. காரணம் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உலகத்தின் அடியிலிருந்து அந்தப் பத்தியின் மிக உயர்ந்த பிளாக் வரை ஏதோ ஒரு உயரத்தை எடுக்கிறது. என் ஃபார்மின் உச்சி 80. முன்பு ஏறத்தாழ 80 உயரங்களில் ஒன்று. இப்போது 145-ல் ஒன்று. என் அடுக்குகள் மீது விழ வேண்டிய முயற்சிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை கீழே பாறைக்குள் விழுந்து வீணாகின்றன. இதற்கு டார்ச் மருந்தில்லை. ஃபார்மையே ஆழத்துக்கு இறக்கி, மேலே உள்ள மண் முழுவதையும் வெட்டி எடுத்தால்தான் உண்டு. எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவனைக் குகைக்குள் அனுப்ப மனம் வரவில்லை. காகிதத்தில் கோளம் வரைந்து யோசித்தபோதுதான் தோன்றியது: 128 என்பது நிற்கிற இடத்திலிருந்து அளப்பது. நாம் மேலே ஏறினால் கோளமும் கூடவே ஏறும். குகைகள் வெளியே போய்விடும். வெளியே இருப்பவை அந்தக் கணமே மறையும். முதலில் என் உலகத்தில் ஒய் 190-ல் ஒற்றைக் கண்ணாடி பிளாக் வைத்து நின்று பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் செஸ்டில் ஒன்றுமே சேரவில்லை. க்ரீப்பர் அடுக்கில் வருகிறது, ஓடுகிறது, விழுகிறது; விழும் வழியில் ஒய் 62-ஐத் தாண்டியதும் என்னிடமிருந்து 128-ஐக் கடந்துவிடுகிறது, தரையைத் தொடுவதற்கு முன்பே காணாமல் போகிறது. விழும் அறையும் எல்லைக்குள் இருக்க வேண்டும். அறை 40-ல் என்றால் நிற்பது 168-க்குக் கீழே. 165-ல் நின்றேன். 760 வந்தது.

எனக்கு இரண்டு வருட மாலைகள் பிடித்த வேலை, ஒரு கண்ணாடி பிளாக்கில் முடிந்தது. நண்பனுக்கு எண்ணைச் சொன்னேன். ஃபார்மைச் சுற்றித் தரைமட்டத்தில் மட்டும் டார்ச் வைத்துவிட்டு அதே உயரத்தில் நின்றிருக்கிறான். அன்று இரவே "டேய், செஸ்ட் நிரம்புது" என்று அனுப்பினான். அவனுக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். கூடவே நெஞ்சில் ஏதோ அடைத்தது என்பதும் உண்மை.

கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்த அமைப்பைவிட அமைதியான, நம்பகமான ஃபார்மை நான் கட்டியதில்லை. ஆனால் கட்டுங்கள் என்று இன்றைக்கு என் வாயால் சொல்ல வரவில்லை. கடல் மேல் உயரத்தில் கட்டுங்கள், அல்லது கட்டாமலே விடுங்கள்; இந்தத் தரைமட்டத்தில் மட்டும் வேண்டாம். மேலே போகப் போக உச்சி உயர்ந்து அந்த 145 இன்னும் பெரிதாகும், விளைச்சல் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

நானோ 165-ல் மூன்று நாள்தான் நின்றேன். அங்கே மேகத்தைத் தவிர எதுவும் இல்லை. கீழே 39-ல் நின்றால் க்ரீப்பர் விழும் சத்தம் கேட்கும். இரண்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. அந்தத் தாளம் குறைந்தால் எங்கோ இருட்டு இருக்கிறது என்று எஃப்3 இல்லாமலே எனக்குத் தெரியும். கண்ணாடி பிளாக்கை உடைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நேற்று எம் எண் 23 காட்டியது. வழக்கமாக பத்துக்குள் இருக்கும். மேற்குப் பக்கம், மைனஸ் 30 வாக்கில் ஒரு பிளவை விட்டிருக்கிறேன் என்று சந்தேகம். இன்று இரவு இரண்டு ஸ்டாக் டார்ச்சோடு இறங்கப் போகிறேன்.