சாய்தள உராய்வு செட்: பலகை அருமை, கப்பி சுமார்

கோவையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கெனக் கிடைக்கும் செட் இது: ஒரு மீட்டர் பலகை, கோணமானி, கப்பி, கொக்கி வைத்த 200 கிராம் மரக்கட்டை, எடைகள்.

பலகை வளையவில்லை, இழைப்பும் சீர். அதுதான் முக்கியம். பலகையை மெல்லத் தூக்கினால் கட்டை 22 டிகிரியில் நகர்கிறது. tan 22° = 0.40, அதுவே ஓய்வுநிலை உராய்வுக் குணகம், அதாவது நகரும் முன் கட்டையைப் பலகை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று காட்டும் எண். கோணமானி ஒரு டிகிரி பிசகினாலே விடை 0.42 ஆகிவிடும். எனவே மேசைக்கு முதலில் ரசமட்டம் வையுங்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சுத்தூசி படியும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்த்த கையால் கட்டையின் அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது.

கப்பிதான் குறை. கட்டையின் கொக்கியில் நூல் கட்டி, கப்பி வழியாக எடை தொங்கவிட்டு இழுத்தும் குணகம் காணலாம். அச்சு இறுக்கமாக இருப்பதால் கூடுதல் எடை தொங்கவிட வேண்டியிருக்கிறது, குணகமும் கூடுதலாக வருகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், பலகையில் சிந்தாமல் விடுங்கள். நூல் பலகைக்கு இணையாக இல்லாவிட்டாலும் கணக்கு கெடும்.

வேலை-ஆற்றல் தேற்றத்துக்கும் (விசைகள் செய்யும் மொத்த வேலையே இயக்க ஆற்றலின் மாற்றம் என்பது) இதே செட் போதும். 30 டிகிரியில் 80 செ.மீ. சறுக்கினால் புவியீர்ப்பு செய்யும் வேலை 0.78 ஜூல். இயக்க உராய்வுக் குணகம் (கட்டை சறுக்கும்போது உள்ள குணகம்) 0.3 என்றால் உராய்வு 0.41 ஜூலைத் தின்றுவிடும், மீதி 0.37 ஜூல்தான் இயக்க ஆற்றல். சறுக்கும் நேரம் ஒரு விநாடிகூட இல்லை, ஆகவே கூட வரும் ஸ்டாப்வாட்ச் வீண். செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்து ஃபிரேம் எண்ணுங்கள்.