ஃபேன் ரெகுலேட்டர்: பழைய பெட்டியா, கெப்பாசிட்டரா?

ஃபேனைக் குறைத்து வைத்தாலும் கரண்ட் பில் குறையாது என்பார்கள். பழைய பெட்டி ரெகுலேட்டருக்கேகூட அது பாதிதான் உண்மை.

தொட்டால் சுடும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது கம்பிச் சுருள், அதாவது வெறும் மின்தடை. இன்றைய மாடுலர் ரெகுலேட்டருக்குள் (சுவிட்ச் போர்டிலேயே பொருந்தும் சிறு வகை) பெரும்பாலும் இரண்டு கெப்பாசிட்டர்கள், அதாவது மின்தேக்கிகள். கரண்ட்டை மட்டுப்படுத்துவது அவற்றின் மின்மறுப்பு (ரியாக்டன்ஸ்), அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் கெப்பாசிட்டர் காட்டும் எதிர்ப்பு.

75 வாட் ஃபேன் 230 வோல்ட்டில் சுமார் 0.33 ஆம்பியர் இழுக்கும். 700 ஓம் மின்தடை போலவே வைத்துக்கொள்வோம் (வேகம் குறைந்தால் இது மாறும், கணக்குக்கு இது போதும்). ஃபேனுக்கு 100 வோல்ட் மட்டும் போக வேண்டுமானால் கரண்ட் 0.143 ஆம்பியர். மீதி 130 வோல்ட்டைப் பெட்டி விழுங்க 910 ஓம் தேவை. அதில் 18.6 வாட் சூடாகப் போகிறது. ஃபேனுக்குக் கிடைப்பதோ 14 வாட். மொத்தம் 75லிருந்து 33 வாட்டாக இறங்குகிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் சுவரைச் சுட வைக்கத்தான்.

அதே கரண்ட்டுக்கு 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும். 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 1447 ஓம். 910 எங்கே, 1447 எங்கே? மின்தடையும் மின்மறுப்பும் நேராகக் கூடுவதில்லை, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடும்: 700, 1447 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1607 ஓம். அதுதான் இம்பீடன்ஸ், அதாவது மொத்த எதிர்ப்பு. மல்டிமீட்டர் வைத்தால் கெப்பாசிட்டரில் 207, ஃபேனில் 100, கூட்டினால் 307 வோல்ட்! மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். வாங்கிய மின்னாற்றலைக் கெப்பாசிட்டர் அடுத்த கால் சுற்றில் திருப்பித் தந்துவிடுவதால் சூடு அநேகமாக இல்லை.

டிரையாக் (மின்னணு ஸ்விட்ச்) வைத்த டிம்மரும் அவ்வளவாகச் சூடாகாது, வேகத்தையும் இஷ்டத்துக்குத் திருப்பலாம். ஆனால் அலையை வெட்டித் தருவதால் ஃபேன் உறுமும். படுக்கையறைக்கு வேண்டாம். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்கு மூன்றுமே ஆகாது, நேர் இணைப்புதான்.

பழுது பார்ப்பதில் பெட்டி எளிது: சுருளில் கம்பி அறுந்தால் அந்த இடத்துக்குக் கீழுள்ள வேகங்கள் மட்டும் செத்துவிடும். கெப்பாசிட்டரோ சத்தமில்லாமல் மதிப்பிழக்கும். 5-ஆம் எண்ணில், அதாவது முழு வேகத்தில், ரெகுலேட்டரின் கெப்பாசிட்டர் சுற்றிலேயே இல்லை. அங்கே ஃபேன் நன்றாக ஓடி மற்ற எண்களில் இழுத்துக்கொண்டு சுற்றினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். 5-லும் மந்தம் என்றால் முதலில் ஃபேனுக்குள் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

ரெகுலேட்டரைக் கழற்றும்போது எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்கினால் மட்டும் போதாது. சார்ஜை வடிக்கும் சிறு ரெசிஸ்டர் உள்ளே கருகியிருந்தால் கெப்பாசிட்டர் கையை உதறவைக்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை முனைகளில் சில விநாடி வைத்துவிட்டுத் தொடுங்கள்.