கல்பாசி கேப்சூல்: அம்மாவுக்கு வாங்கினேன், கொடுக்கவில்லை

அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து ஐந்து மாதமாகிறது. எங்கள் ஊர் மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போய் கீமோ ஏற்றிக்கொண்டு வருகிறோம். யார் எதை நல்லது என்றாலும் வாங்கிவிடத் தோன்றுகிற நேரம் இது. அப்படித்தான் ராமநாதபுரத்தில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் இந்த டப்பாவை வாங்கினேன். கல்பாசிச் சாறு, 60 கேப்சூல், 1,450 ரூபாய்.

டப்பாவில் கடல் அலை படம். "நம்ம கடல்பாசிதான் தங்கச்சி, உடம்புக்குக் குளிர்ச்சி" என்றார் கடைக்காரர். அதுவே தப்பு. நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி கடலில் விளைவது. கல்பாசி மலைப்பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது, பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற உயிர். கறி மசாலாவில் கருப்பாகச் சுருண்டு கிடக்குமே, அதுதான்.

வீட்டுக்கு வந்து உள்ளே இருந்த தாளைப் பிரித்தேன். 'புற்றுநோய்ச் செல்களை அழிப்பது ஆய்வகத்தில் நிரூபணம்' என்று போட்டிருந்தது. எம்.எஸ்சி. படித்தபோது அந்தச் சோதனையை நானே செய்திருக்கிறேன். 96 குழியுள்ள தட்டில் செல்களை வளர்த்து, சாற்றை டி.எம்.எஸ்.ஓ. திரவத்தில் கரைத்து ஊற்றுவோம். ஒன்றிரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் அதை ஊதாவாக்கிவிடும், செத்தது மஞ்சளாகவே விட்டுவிடும். ஆனால் அளவு கூடினால் டி.எம்.எஸ்.ஓ.வே செல்லைக் கொன்றுவிடும். அதனால் வெறும் டி.எம்.எஸ்.ஓ. ஊற்றிய குழிகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும், நல்ல செல்லிலும் சோதிக்க வேண்டும். எந்த அளவில் பாதிச் செல்கள் செத்தன என்று சொல்ல வேண்டும். தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எந்த வகைக் கல்பாசி, எந்தச் செல் என்றும் இல்லை.

கல்பாசி இனங்களில் மருந்து தேடுவதை நான் குறை சொல்லவில்லை. அம்மாவுக்கு ஏறுகிற பாக்லிடாக்சல்கூட ஒரு மரப்பட்டையில் கிடைத்ததுதான். 1962இல் பட்டையை உரித்தார்கள், அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். மரப்பட்டைக்கும் டிரிப் பாட்டிலுக்கும் நடுவே முப்பது வருஷம்.

என்னைப் பயமுறுத்தியது ஈரல். சில கல்பாசி இனங்களில் அஸ்னிக் அமிலம் உண்டு. அது சேர்ந்த, உடல் எடை குறைக்கிற ஒரு மாத்திரையால் ஈரல் கெட்டுப்போகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2001இல் எச்சரித்தது. இந்த டப்பாவில் அது இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கிற அம்மாவுக்கு இதை எப்படிக் கொடுப்பேன்?

சரி, கேட்டுவிடலாம் என்று அடுத்த தடவை மதுரைக்கு டப்பாவையே எடுத்துப் போனேன். டாக்டர் தாளைப் படித்துவிட்டு, கீமோ முடிகிற வரைக்கும் கண்டிப்பாக வேண்டாம் என்றார்.

பிரிக்காத கேப்சூல் அட்டைகளோடு கடைக்குப் போனேன். முதலில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். "அண்ணே, அம்மாவுக்கு கீமோ ஓடுது" என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 1,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.