மொரிஸ் மைனரில் ஒயில் மட்டம் பார்ப்பது: உவர்மலையிலிருந்து ஒரு அனுபவம்

பழைய கார் வாங்கியவர் முதலில் பழகுவது பொனட்டைத் திறந்து ஒயில் கம்பியை இழுத்துப் பார்ப்பது. இதில் என்ன பெரிய வேலை என்று தோன்றும். 1098 சிசி மொரிஸ் மைனர் ஒன்றைத் திருகோணமலையில் பல வருடமாக வைத்து ஓட்டுகிறேன். அந்தக் கம்பி காட்டுவதை முதலில் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதுதான் என் அனுபவம்.

தரையிலேயே பிரச்சினை தொடங்கிவிடும். உவர்மலையில் வீதியும் சரிவு, வளவும் சரிவு. மாரி மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று கார் நிறுத்தும் சீமெந்துத் தரையையும் வாட்டம் விட்டுத்தான் பூசுவார்கள். பெற்றோல் செட் தளமும் பெரும்பாலும் அப்படித்தான். கார் மூக்கை உயர்த்தி நின்றால் சம்பில், அதாவது என்ஜினின் அடித்தொட்டியில், உள்ள ஒயில் பின்னுக்கு ஓடும், தாழ்த்தி நின்றால் முன்னுக்கு வரும். கம்பி ஒரே இடத்தில்தானே இறங்குகிறது? மேசன் ஒருவரிடம் ரசமட்டம் வாங்கி, நீளமான பலகை மேல் வைத்து, நாலு சில்லும் நிற்கும் இடத்தைச் சரிபார்த்தேன். மட்டமான இடம் கிடைத்ததும் சில்லு நிற்கும் இடத்தில் பெயின்றால் கோடு போட்டுவிட்டேன். ரசமட்டத்தைக் காரின் மேல் வைத்துப் பார்க்க வேண்டாம். பழைய காரில் ஒரு பக்க ஸ்பிரிங்காவது இறங்கித்தான் இருக்கும்.

பார்க்கும் நேரம் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன். இரவு முழுக்க நின்றதில் என்ஜினின் மேலே, வால்வுகளை அசைக்கும் ரொக்கர் பக்கம் இருந்த ஒயில் எல்லாம் சம்புக்கு இறங்கியிருக்கும். 20டபிள்யூ-50 தடிப்பான ஒயில், உடனே இறங்காது. ஓட்டி வந்து நிறுத்திய கையோடு பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். கொழும்புக்குப் போகும்போது ஹபரணையில் பெற்றோல் அடிக்க நிறுத்தினால், அங்கே நிற்கும் தம்பி கம்பியை இழுத்துப் பார்த்து "ஒயில் குறைவு அண்ணா, ஊத்தவா?" என்பார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெரும்பாலும் ஊற்றத் தேவையே இருக்காது.

முதல் முறை இழுத்ததைப் படிக்க வேண்டாம். பழஞ்சீலையால் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். கம்பி இறங்கும் குழாயின் சுவரில் ஒட்டிய ஒயில் ஒரு பக்கத்தில் இழுபட்டு ஏறியிருக்கும், அதனால் குறைவாகக் காட்டும் பக்கமே சரி. புது ஒயில் கண்ணாடி மாதிரி இருப்பதால் கோடு தெரியாது. கம்பியின் நுனியை எமரிக் கடதாசியால் குறுக்காக லேசாகத் தேய்த்துவிட்டேன், இப்போது வெளிச்சத்தில் சாய்த்தால் விளிம்பு நன்றாகத் தெரிகிறது.

சரி, கம்பியே பிழையாக இருந்தால்? இதை யாரும் யோசிப்பதில்லை. இந்த ஏ-சீரிஸ் என்ஜின்கள் மைனரில் மட்டுமா வந்தன, மினி, ஏ35, ஸ்ப்ரைட் என்று எத்தனையோ காரில் வந்தன. இந்தக் காலத்துக்குள் எத்தனை கராச்சில் என்ஜின் மாறியதோ, எந்தக் கம்பி எந்தக் குழாயில் ஏறியதோ. எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் பாஸ் ஒருவர் சொன்னார்: "கம்பியை விடுங்க, ஒயிலை அளந்து ஊத்திப் பாருங்க." அதையே செய்தேன். சூடாக இருக்கும்போது ஒயிலை முழுதாக வடித்து, பில்டரையும் மாற்றினேன். மைனரின் சம்புக்கு ஆறரைப் பைன்ட், அதாவது ஏறக்குறைய 3.7 லீற்றர்; பில்டருக்கு இன்னொரு பைன்ட். சம்பின் கணக்கை அரை லீற்றர் குறைத்து ஊற்றி, பில்டர் நிரம்பக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். பில்டர் குடித்ததற்கு ஒரு பைன்ட் சேர்த்து ஊற்றிவிட்டு, இரவு விட்டுக் காலையில் கம்பியைப் பார்த்துக் கோடு போட்டேன். பிறகு மிச்ச அரை லீற்றரையும் ஊற்றி, ஒயில் இறங்கும்வரை பொறுத்து இன்னொரு கோடு. ஒயில் மாற்றும் நாளில் கொஞ்சம் மினக்கெட்டால் போதும், கம்பியில் எவ்வளவு இறங்கினால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதில் ஊகமே இல்லை.

மேல் கோடு வரை நிரப்ப வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. இந்த என்ஜினில் கிராங் தண்டைத் தாங்கும் பின்பக்க மெயின் பெயரிங்குக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம்தான் ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளும். கூட ஊற்றினால் அது சமாளிக்காது, என்ஜினும் கியர்பொக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியால் சொட்டும். சுழலும் கிராங் ஒயிலை அடித்து நுரைத்தால் இன்னும் மோசம். நான் இரண்டு கோட்டுக்கும் நடுவே, கொஞ்சம் மேலே நிறுத்துகிறேன்; சொட்டும் குறைந்தது. டாஷ்போர்டில் ஒயில் லைட் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது அமுக்கத்தைத்தான் பார்க்கிறது, அளவை அல்ல. அது மினுங்கும்வரை காத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

எந்த ஒயில் என்று கேட்பார்கள். லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலை நம்முடைய ஊரில்தான் இருக்கிறது, அதனால் பலர் சேர்வோ பக்கம் போவார்கள். நான் பெயரைப் பார்ப்பதில்லை, 20டபிள்யூ-50 என்ற கிரேட் சரியா என்பதைத்தான் பார்ப்பேன்.

ஒயில் குறைந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். ஊற்றாமலேயே ஒயில் கூடினால் அதற்கும் பயப்பட வேண்டும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனபோது, மைனரை வளவிலேயே சோக் இழுத்துச் சற்று ஓடவிட்டு நிறுத்திவந்தேன். ஊற்றாமலேயே கம்பியில் மட்டம் ஏறத் தொடங்கியது. முகர்ந்தால் பெற்றோல் வாசம். குளிர்ந்த என்ஜினில் எரியாத பெற்றோல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஒயிலை நீர்த்துவிடும். மைனரின் பெற்றோல் பம் மின்சாரத்தில் ஓடும் எஸ்யூ கம்பனிப் பம், என்ஜினோடு சேர்ந்ததல்ல, ஆகவே அதைச் சந்தேகிக்கத் தேவையில்லை. என்ஜினில் பூட்டிய மெக்கானிக்கல் பம் உள்ள கார் என்றால் முதலில் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு, டயாபிரம், கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோல் வாசம் இல்லாமல் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. என்ஜின் பிளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் காஸ்கட் வரை பார்க்க வேண்டிவரும். எதுவாக இருந்தாலும் அந்த ஒயிலோடு ஓட்ட வேண்டாம். நான் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். அதன் பிறகு சும்மா ஸ்டார்ட் பண்ணி வைப்பதை விட்டுவிட்டேன். ஸ்டார்ட் பண்ணினால் நிலாவெளி வரையாவது ஓட்டி, நன்றாகச் சூடேற்றிக்கொண்டுதான் திரும்புவேன்.