பழைய தேவாலயத்துக்கு மானியம் கேட்கும்போது

அமெரிக்காவில் எங்கள் பழைய செங்கல் தேவாலயத்தைப் பழுதுபார்க்க 'நேஷனல் ஃபண்ட் ஃபார் சேக்ரட் பிளேசஸ்' மானியத்துக்கு விண்ணப்பித்தோம். 2016-இல் தொடங்கிய திட்டம், எந்த மதத்தினரும் கேட்கலாம். முதலில் ஒரு விருப்பக் கடிதம். அதைப் பார்த்து அழைத்தால்தான் முழு விண்ணப்பம். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, வீண் உழைப்பு இல்லை.

கட்டடத்தின் அழகைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அங்கே யார் வருகிறார்கள், அக்கம்பக்கத்துக்கு என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மரபுக் கட்டடங்கள் தெரிந்த கட்டடக்கலைஞரின் ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்கள் சுவரில் யாரோ எப்போதோ சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, பழைய செங்கலைவிடக் கடினமானதும்கூட. கடைசியில் செங்கல்லின் முகம்தான் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஆய்வறிக்கையில் இருந்த அந்தச் சேதத்தின் படங்கள் பத்துப் பக்க விளக்கத்தைவிட நன்றாகப் பேசின.

குறை என்றால், நாமும் இணைநிதி, அதாவது மானியத்தோடு சேர்க்க நம் பங்குப் பணம், திரட்டியாக வேண்டும். சின்ன சபைகளுக்கு அது பெரிய பாரம். அவர்களுக்காவது இதைத் தளர்த்த வேண்டும். அப்புறம், நிதி திரட்டப் பயிற்சியும் தருகிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.