குட்டி யானைக்கு எந்தச் சோப்பு? மலை ஏறி இறங்கிய ஆறு வருட அனுபவம்

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் லோடு அடிக்கிறவன் நான். வண்டி 2019இல் வாங்கிய குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், வெள்ளை நிறம். நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டை, மிளகு, பலாப்பழம், ஆரஞ்சு கீழே இறங்கும். சேலத்திலிருந்து உரம், சிமெண்ட், மளிகை மேலே ஏறும். வாரத்துக்கு நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே 20 இறங்க வேண்டும். வீடு கோரிமேட்டில்.

இந்த வண்டியைக் கழுவ என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசி நாலு வருடமாக ஒரே முறையில் நிற்கிறேன். உழைக்கிற வண்டிக்குப் பளபளப்பு அப்புறம்தான். ராத்திரி எட்டு மணிக்கு லோடு இறக்கிவிட்டு வருகிறவனுக்குக் கை வலிக்கத் தேய்க்காமல் அழுக்கு இறங்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தோன்றிவிடும். நாளைக்கு மேல் நாளைக்கு என்று தள்ளித்தான் பின்கதவுக் கீல் துருப்பிடிக்கிறது. அதனால் சோப்பை நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்து: எவ்வளவு தேய்க்க வேண்டியிருக்கிறது?

எங்கள் வழியில் அழுக்கு இரண்டு நிறம். மேலே செம்மண், பாக்சைட் கலந்த மண். மழையில் குழம்பாகி சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டு, காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். கீழே வந்தால் வெள்ளைத் தூசி. சேலத்தைச் சுற்றி வெள்ளைக்கல் சுரங்கங்கள், அதாவது மேக்னசைட். அடிவாரத்துப் பக்கம் கோடையில் ஒரு நடை போய் வந்தாலே கண்ணாடியில் மாவு பூசினாற்போல் படிந்திருக்கும். இந்த இரண்டையும் காய்ந்த துணியால் துடைத்தால் பெயிண்ட் முழுக்கக் கோடு விழும். என் வண்டியின் டிரைவர் கதவில் முதல் வருடத்துக் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

முதலில் வாட்டர் சர்வீஸுக்குத்தான் விட்டேன். ஒரு தடவைக்கு 350 ரூபாய், அரை நாள் காத்திருப்பு. கழுவி முடித்ததும் அடிப்பக்கம் முழுக்க டீசல் அடித்துக் கருகருவென்று மினுக்கிக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. மறுநாள் மலையேறி வந்ததும் அந்த டீசல் பிசுக்கின் மேல் செம்மண் வந்து பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டது. அதோடு டீசல் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பர் உப்பி, நாளடைவில் வெடிக்கும். ஒரு வருடத்துக்குள் பட்டைக்கட்டில், அதாவது பட்டை ஸ்பிரிங்கில், இரண்டு ரப்பர் புஷ் மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக் கழற்றி என் கையில் கொடுத்தார், ஊறிய பிஸ்கட் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து டீசல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

அப்புறம் வீட்டிலேயே துணி துவைக்கிற பவுடர். ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி. அழுக்கு போகத்தான் செய்தது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பவுடர் முழுதாகக் கரையாமல் பலகை இடுக்குகளில் தங்கி மண்ணோடு சேர்ந்து களியாகி, பின் தளத்தின் வடிகால் ஓட்டைகளை அடைத்துவிட்டது. மழைத்தண்ணீர் வடியாமல் நின்று அந்த மூலையில்தான் முதல் துரு வந்தது. கதவு ரப்பர் வெளுத்தது. பாலிஷ் போட்டு ஒரு வாரம் கூடத் தங்கவில்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று, பார்க்கிற தாளை வாங்கிவந்து நனைத்துப் பார்த்தாள், பவுடர் கரைசல் 10ஐத் தாண்டிக் காட்டியது. சலவைச் சோடா இருக்கிற பவுடர் அப்படித்தான் காட்டும், அது துணிக்கென்று செய்தது. துணியில் எண்ணெய் இறக்குகிற அதே காரம் வண்டியில் மெழுகையும் இறக்கிவிடுகிறது.

அந்த வாரமே மகள் இன்னொன்றும் செய்தாள். அதுதான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது. மூன்று பாட்டில் எடுத்து ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், ஒன்றில் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர், ஒன்றில் நான் மலையிலிருந்து கொண்டுவந்த ஊற்றுத் தண்ணீர், மூன்றிலும் பாதி வரை ஊற்றினாள். பழைய சலவைக் கட்டி சோப்பைச் சீவிப் போட்டு மூடிக் குலுக்கினாள். மலைத் தண்ணீரில் நுரை பொங்கியது. காவிரித் தண்ணீரில் சுமார். போர் தண்ணீரில் நுரையே இல்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்து அந்தத் திப்பியாக மாற்றிவிடுகின்றன. அதுதான் வண்டிமேல் படிந்து, காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. நான் அதை அழுக்கு என்று நினைத்து மறுபடி சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதே சோதனையை வண்டி ஷாம்புவை வைத்துச் செய்தபோது மூன்று பாட்டிலிலும் நுரை வந்தது. போர் தண்ணீரில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

ஆகவே என்ன வாங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்பதுதான். ஏற்காட்டிலேயே இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் எதைப் போட்டாலும் நுரைக்கும். சேலத்தில் போர் தண்ணீரை நம்பி இருந்தால் கட்டி சோப்பை மறந்துவிடுங்கள். தாளில் பிஎச் 7க்குப் பக்கத்தில், அதாவது அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல், காட்டுகிற, மெழுகு சேர்க்காத, சாதாரண வண்டி ஷாம்பு போதும். நான் ஐந்து லிட்டர் கேனாக வாங்குகிறேன், போன தடவை 700 ரூபாய். ஒரு கழுவலுக்கு 50 மில்லி. ஒரு கேனில் நூறு தடவை, ஆக ஒரு தடவைக்கு 7 ரூபாய். பவுடருக்கு இதைவிடக் கூடவே ஆகிக்கொண்டிருந்தது.

மெழுகு சேர்க்காத என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'கழுவும்போதே பாலிஷ்' என்று போட்டிருந்த ஒன்றை இடையில் ஆறு மாதம் பயன்படுத்தினேன். பகலில் குறையே சொல்ல முடியாது. மார்கழி மாதம் ஒருநாள் ராத்திரி மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தபோது வளைவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் முன் கண்ணாடி முழுக்க வானவில் மாதிரிப் பரவிவிட்டது. வைப்பர் போடப் போட இன்னும் மங்கியது. வண்டியை ஓரம் கட்டி நியூஸ்பேப்பரால் துடைத்துத்தான் கீழே இறங்கினேன். வீட்டுக்கு வந்து மீதி இருந்ததை எடுத்து ஓரமாக வைத்தேன், திரும்பத் தொடவில்லை. மலை ஓட்டுகிறவர்கள் இதில் விளையாடக் கூடாது. மெழுகு வேண்டுமானால் தனியாகப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டபின் ஒரு தடவை, கண்ணாடியில் படாமல். ஷாம்பு அந்த மெழுகைக் கரைப்பதில்லை. தாமரை இலைத் தண்ணீர் போல அழுக்கு உருண்டோடுகிறது, பாதி வேலை அங்கேயே மிச்சம்.

இனி, தேய்ப்பைக் குறைத்த உண்மையான சமாச்சாரம். தோட்டத்தில் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர். காப்பிச் செடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிற அதே முதுகு டப்பா, 16 லிட்டர். இதைச் சோப்புக்கென்றே புதிதாக வாங்கினேன். களைக்கொல்லியோ துத்தமோ அடித்த பழைய டப்பாவை எடுக்காதீர்கள். எவ்வளவு அலசினாலும் மிச்சம் இருக்கும், நம் வண்டியில் ஏறுவது மனிதர் சாப்பிடுகிற பொருள்.

டப்பாவில் ஐந்து லிட்டர் தண்ணீர், 50 மில்லி ஷாம்பு. முதலில் ஹோஸில் வண்டியை நன்றாக நனைத்து, சக்கர வளைவுக்குள் ஊறவிடுவேன். அப்புறம் கீழிருந்து மேலாகச் சோப்புத் தண்ணீர் அடிப்பேன். மேலிருந்து அடித்தால் சோப்பு படாத இடத்தில் வழிந்து கோடு கோடாக நிற்கும். ஐந்து நிமிடம் சும்மா விட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் சோப்பு மண்ணுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் புகுந்து பிடியை விடுவிக்கிறது. நாம் ஒரு மணி நேரம் கையால் செய்வதை அது தானே செய்யும். பின்பு மென்மையான துணியால் அழுத்தாமல் ஒரே ஒரு இழுப்பு, மேலிருந்து கீழே அலசல். மொத்தம் 25 நிமிடம். துணி ஒன்று மேல்பகுதிக்கு, வேறொன்று சக்கரத்துக்கு, கலந்துவிட வேண்டாம்.

ஒரே கண்டிஷன், சோப்பு காயக் கூடாது. சித்திரை வெயிலில் சேலத்தில் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் கழுவுகிறேன். இன்னொன்று, மலை இறங்கி வந்ததும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 20 வளைவு பிரேக் பிடித்து இறங்கிய சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு கோணும். அரை மணி நேரம் ஆறட்டும், காப்பி குடித்துவிட்டு வரலாம். குட்டி யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பக்கம் ஹோஸைத் திருப்புவதில்லை, ஈரத் துணிதான். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி காவிரித் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வேன். போர் தண்ணீரிலேயே முடித்தால் உப்புப் புள்ளி நிற்கிறது. ஏற்கெனவே நின்ற புள்ளிக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து உடனே அலசினால் போகும். கழிவறை ஆசிட்டைக் காட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம், குரோமும் அலுமினியமும் கருத்துவிடும்.

லோடு ஏற்றுகிற தளத்துக்கு இந்த ஷாம்பு கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டப்பட்டு. ஒருநாள் உர மூட்டை இறக்கிய நாற்றம் போகட்டும் என்று தளத்தில் பினாயில் ஊற்றிக் கழுவி, மறுநாள் காலை காப்பிக்கொட்டை ஏற்றினேன். டவுனில் வாங்குகிறவர் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏப்பா, இதை எதுல கொண்டாந்தே? ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதே."

"வண்டியைக் கழுவினேனுங்க."

"கழுவினது சரி. கொட்டை வாசத்தை உறிஞ்சிக்கும்னு தெரியாதா? அடியில இருக்கிற மூட்டை நாலும் எனக்கு வேண்டாம்."

நாலு மூட்டை திரும்பி மலையேறியது. தோட்டக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காப்பிக்கொட்டை பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், ஷாம்புவின் எலுமிச்சை வாசம் உட்பட. இப்போது தளத்துக்கு வெந்நீரில் கொஞ்சம் சலவைச் சோடா, தென்னந்துடைப்பம், பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு அலசல், வெயிலில் காயவிடுதல். வாசம் என்று ஒன்றுமே மிஞ்சாது. சிமெண்ட் ஏற்றிய நாளில் தண்ணீர் காட்டுவதற்கு முன் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும், நனைந்தால் தளத்திலேயே இறுகிவிடும்.

ஷாம்பு தோற்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பின்கதவுக் கீலில் கிரீஸ், டீசல் டேங்க் வாய் இரண்டிலும் அது ஒன்றும் செய்யாது. அங்கே மட்டும் பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு சொட்டு, பழைய பல் துலக்குகிற பிரஷ். முழு வண்டிக்கும் அதைப் போட்டால் மெழுகு போய்விடும். பலாப்பழ சீசனில் பால் வடிந்து பலகையில் ஒட்டிய பிசினுக்கு எந்தச் சோப்பும் உதவவில்லை. வீட்டில் பலாச்சுளை எடுக்கும்போது கையில் தடவுகிற அதே தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது, அப்புறம் சோப்பு. தார்ப்பாயில் ஏறிய செம்மண் கறை இதுவரை முழுதாகப் போகவில்லை.

மேலே தங்குகிற நாட்களில் ஓடையில் வண்டியை இறக்கிக் கழுவுகிறவர்களைப் பார்க்கிறேன். தண்ணீர் நன்றாக நுரைக்கிறது என்பதற்காக அதைச் செய்யாதீர்கள். ஏற்காட்டு ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது, வழியெல்லாம் ஆடு மாடு குடிக்கிறது. தோட்டத்துக்காரரிடம் கேட்டு இரண்டு வாளி மொண்டு, மண்தரையில் நிறுத்திக் கழுவினால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

ஸ்பிரேயரில் நாலு வருடத்தில் ஒரு தடவை வாஷரும் இரண்டு தடவை நாசிலும் மாற்றினேன். கழுவி முடித்ததும் ஒரு நிமிடம் வெறும் தண்ணீர் ஓடவிட்டால் நாசில் அடைக்காது, அதை மறந்த வாரங்களில்தான் அடைத்தது. பேட்டரி இன்னும் பழையதுதான். வடிகால் ஓட்டைகளை மாதம் ஒரு தடவை குச்சியால் குத்திவிடுகிறேன். துருப்பிடித்த அந்த மூலையைச் சுரண்டி பிரைமர் அடித்தது 2021இல், அதற்குப் பிறகு அது பரவவில்லை.