பள்ளிக்கூடத் தெருவுக்கு 30 கி.மீ. பலகையா, வேகத்தடையா?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நகராட்சிக்கு மனு எழுத உட்கார்ந்தபோது முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கமும் வேக வரம்புப் பலகை நடுவது, அல்லது வாசலுக்கு முன்னால் வேகத்தடை போடுவது. வேகத்தடையைத்தான் கேட்டோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேகம் குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு நொடிக்குள் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். 30-ல் வந்தால் 8 மீட்டர்.

பலகைக்குச் செலவு குறைவு, ஆம்புலன்ஸுக்கு இடைஞ்சல் இல்லை, வேக வரம்பு பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு பக்கபலமாக இருக்கிறது. சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கி.மீ. என்று போக்குவரத்துப் போலீஸ் வரம்பு வைத்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பலகையை வேப்பங்கிளை மறைக்கும், அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். கிளையை வெட்டலாம், போஸ்டரைக் கிழிக்கலாம். ஆனால் பலகை சொல்வதைக் கேட்க வைக்க வேகம் அளக்கும் ஸ்பீடு கன்னோடு ஒரு போலீஸ்காரரோ கேமராவோ வேண்டும். பலகையின் உண்மையான பராமரிப்புச் செலவு அதுதான், ஒரு நாளும் நிற்காத செலவு. சிறு ஊரின் உள்தெருவுக்கு அந்த ஆளை யார் அனுப்புவார்கள்? வேகத்தடைக்கு வேண்டியது வெள்ளைப் பெயின்ட். அது மங்கிவிட்டது தெருக்காரர்கள் கண்ணில் படும், அன்றைக்கே வார்டு கவுன்சிலரிடம் போய் நிற்கலாம்.

ஆனால் சரியான வேகத்தடையாக இருக்க வேண்டும். சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வட்ட வடிவத் தடை சுமார் மூன்றரை மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் குலுக்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு முழ அகலத்துக்குத் தார்க்கலவையைக் குவித்து வைத்த மேடு. பைக்கின் பின்னால் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தூக்கிப் போடுவது அந்த மேடுதான். பெயின்ட்டும் தெருவிளக்கும் இல்லாவிட்டால், இரவில் அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும். ஆகவே வேலை நடக்கும் அன்று டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள். ரோட்டின்மேல் புதுத் தார் போடும்போது தடை மட்டமாகிவிடும். மறுபடி போட்டுத் தருவதும் அந்த வேலையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

போல்ட் வைத்து முடுக்கும் மஞ்சள்-கறுப்பு ரப்பர் பட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை பிய்ந்துபோனாலும் ஆணி நீட்டிக்கொண்டு நிற்கும்.

எங்களுடையது பஸ் போகாத தெரு. பஸ் தடத்திலும் இதே தீர்ப்பு பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஊருக்கு நடுவே நெடுஞ்சாலை போகிற இடமென்றால் பலகையும் கேமராவும்தான் சரி என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தடைக்கு முன்னாலேயே 'வேகத்தடை உள்ளது' என்று காட்டும் முக்கோண எச்சரிக்கைப் பலகை வேண்டும். அதையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால், தடை போட்டு மாதக்கணக்காகியும் பலகை வந்து சேராது.